கருவியும் கடனும்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கையின் கொடை என்று போற்றப்படுவது. ஆயின் அத்துறைமுகத்தின் வரலாற்றிலே இயற்கையைவிட மனிதனின் கைத்திறனையும் கைத்தவறையும் பேசும் பக்கங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் திகதிக்கு உரியது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரித்தானியக் கடற்படையின் 'வேலியன்ற்' என்னும் போர்க்கப்பல் திருகோணமலையில் இருந்த மிதக்கும் உலர்துறையினுள் செலுத்தப்பட்டிருந்தது. மிதக்கும் உலர்துறை என்பது உள்ளீடற்ற அடித்தளமும் உயர்ந்த பக்கச்சுவர்களும் கொண்ட ஒரு பெரும் மிதவை. அதன் தொட்டிகளில் நீரை நிரப்பினால் அது தாழும். கப்பல் உள்ளே வரும். பின்னர் அந்நீரைப் பம்பிகளால் வெளியேற்றினால், கப்பலைச் சுமந்தவாறே அது மேலெழும். அன்று தொட்டிகள் வெறுமையாக்கப்பட்ட ஒழுங்கு அக்கப்பலின் பாரம் பரந்திருந்த முறைக்குப் பொருந்தவில்லை. கப்பலிலே வெடிபொருள்களும் முழுமையாக ஏற்றப்பட்டிருந்தன. 30,000 தொன்னுக்கு மேற்பட்ட அப்பாரத்தின் கீழ் உலர்துறையின் முதுகு முறிந்தது, உலர்துறை மூழ்கியது. கப்பலின் உந்துவிசிறிகளும் சுக்கானும் சேதமுற்றன. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. ஆனால் 1944இன் அழிவை எந்தப் பகைவனும் கொண்டுவரவில்லை. எந்தத் தொட்டியை முதலில் வெறுமையாக்குவது, எதனைப் பின்னர் வெறுமையாக்குவது என்ற ஒழுங்கில் நேர்ந்த பிழையே அதனைக் கொண்டுவந்தது.

இவ்விபத்திலும் ஒரு நன்மை இருந்தது. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மூழ்கிய உலர்துறையை மறைத்துவைக்க எவராலும் இயலாது. பிழை தானே தனக்குச் சாட்சியாக நின்றது. ஒரு பிழை எந்தச் சாட்சியையும் விட்டுவைக்காமல் நிகழுமானால், அதனைச் செய்தவனின் கடமை யாது? நெடுங்காலமாக மெய்யியலாளர் கற்பனைக் கதைகளைக் கொண்டு ஆராய்ந்துவந்த இவ்வினா, இன்று பல்கலைக்கழகங்களின் ஒருவகை ஆய்வுகூடத்திலே அன்றாட வினாவாகிவிட்டது. அதுவே நனோ ஆக்க ஆய்வுகூடம்.

ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர். மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ ஓர் இலட்சம் நனோமீற்றர் எனலாம். இத்தகைய நுண்ணளவிலே பொருள்களைப் படையாகப் படியவைத்தும், செதுக்கியும், ஒளியால் வரைந்தும் கருவிகளை ஆக்குவதே இவ்வாய்வுகூடங்களின் பணி. றிச்சட் ஃபைன்மன் 1959 டிசம்பர் 29ஆம் திகதி ஆற்றிய உரையொன்றில், மிகச் சிறியவற்றின் உலகிலே இன்னும் எவ்வளவோ இடம் உண்டு என்ற கருத்தை விளக்கினார். அவ்வுலகினுள் நுழைவதற்கான கருவிகள் பெருவிலை உடையன. ஒவ்வொரு துறையும் தனக்கெனத் தனியே வாங்கிவைத்துக்கொள்ள இயலாதன. ஆகவே பலர் கூடிப் பயன்படுத்தும் பொது ஆய்வுகூடங்கள் தோன்றின. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே 1977இல் அத்தகைய ஒன்று நிறுவப்பட்டது. இந்தியாவிலே பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனமும் பம்பாய் இந்தியத் தொழினுட்ப நிறுவனமும் 2008 முதல் தம் ஆய்வுகூடங்களைப் பிற பல்கலைக்கழகத்தார்க்கும் திறந்துவைக்கும் திட்டமொன்றை நடத்தலாயின.

திருகோணமலை மாவட்டத்திற்கும் இவ்விடயத்துக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். துறைமுகத்துக்கு வடக்கே, அதே மாவட்டத்தில் அமைந்த புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலே அதற்கு விடை. அம்மணலில் இல்மனைற், உரூத்தைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் நிறைந்துள்ளன. இல்மனைற்றும் உரூத்தைலும் தைத்தானியம் என்னும் உலோகத்தின் தாதுக்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்த 1957ஆம் ஆண்டிலேயே, இம்மணலை அகழ்வதற்கான அரச கூட்டுத்தாபனமும் தோற்றுவிக்கப்பட்டது. அன்று தொட்டு மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றுள்ளது. நனோ ஆய்வுகூடங்களிலே பொன்னைச் சிலிக்கன் ஒட்சைட்டின்மீது படியவைக்க வேண்டுமாயின், இடையே சில நனோமீற்றர் தடிப்பில் தைத்தானியத்தைப் பூசுவது வழக்கம்; இன்றேல் பொன் உரிந்துவிடும். புல்மோட்டை மணலுக்கும் அம்மெல்லிய படைக்கும் இடையிலுள்ள தூரமே கைத்தொழில் நாட்டுக்கும் மூலப்பொருள் நாட்டுக்கும் இடையிலுள்ள தூரம். 2008இல் தோற்றுவிக்கப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் இல்மனைற்றிலிருந்து தைத்தானியம் ஈரொட்சைட்டைப் பெறும் வழிகளை ஆராய்ந்தமை அத்தூரத்தைக் குறைக்க எடுத்த ஒரு முயற்சி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் பிரயோக விஞ்ஞானத்தையும் கற்பிக்கின்றது. அங்கிருந்து வெளியேறும் மாணவன் ஒருவன் நாளை இத்தகைய கருவி ஒன்றின் முன்னே நிற்பான். அவன் அங்கு எடுத்துச்செல்ல வேண்டியது கணிதமும் பௌதிகமும் மட்டுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இவ்வாய்வுகூடத்தின் உள்ளே தூய அறை எனப்படும் பகுதி உண்டு. வடிகட்டிய காற்று கூரையிலிருந்து ஒரே சீராக இறங்கித் தளத்தினூடாக வெளியேறும் முறையை, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வில்லிஸ் விற்ஃபீல்ட் என்பவர் அமைத்துக்காட்டினார். தரத்திலே உயர்ந்த அறையொன்றில், ஒரு கன அடிக் காற்றிலே அரை மைக்ரோமீற்றரோ அதனிலும் பெரிதோ ஆன துகள்கள் நூற்றுக்கு மேல் இருத்தல் ஆகாது. ஒளியுணர் பூச்சு நீல ஒளியால் கெட்டுவிடும் ஆதலின், ஓவியம் வரையும் பகுதியில் மஞ்சள் விளக்குகளே எரியும். உள்ளே செல்வோர் தலை முதல் அடி வரை வெள்ளாடையால் மூடிக்கொள்வர். கண்கள் மட்டுமே தெரியும். அவ்வாடை மனிதனைப் பாதுகாப்பதற்காக அன்று. மனிதனிடமிருந்து பொருளைப் பாதுகாப்பதற்காக. அவ்வறையிலே மாசின் பெரும் ஊற்று மனிதனே.

கருவிகளை இயக்குவதில் அன்றாடம் தோன்றும் இடர்கள் யாவை? முதலாவது ஒழுங்கு பற்றியது. உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் கலத்தினுள் காற்று இருத்தல் கூடாது. முதலில் ஒரு பம்பி காற்றின் பெரும்பகுதியை அகற்றும். பின்னர் அதன் வால்வை மூடி, உயர் வெற்றிடப் பம்பியின் வால்வைத் திறக்க வேண்டும். காற்று நிரம்பிய கலத்துக்கு நேரே சூடான எண்ணெயால் இயங்கும் பம்பியைத் திறந்துவிட்டால் எண்ணெய் கெடும். அதன் ஆவி கலத்தினுள் ஏறிச் சுவரெங்கும் படியும். வேலியன்ற் கப்பலைத் தாங்கிய உலர்துறையின் பிழையும் இதுவும் ஓரினமே. வெளியேற்றுவது நீராயினும் காற்றாயினும், ஒழுங்கு பிறழ்ந்தால் கேடு. ஆனால் இங்கு எதுவும் மூழ்குவதில்லை. அடுத்த வாரம் வரும் ஒருவனின் பொற்படை உரிந்துபோகும். அவன் காரணம் அறியாது தன் கைத்திறனையே நொந்துகொள்வான்.

இரண்டாவது பொன் பற்றியது. சிலிக்கன் தட்டுகளைச் சூடாக்கும் உலைகளில், பொன் பட்ட தட்டுகளை வைத்தல் ஆகாது என்பது இவ்வாய்வுகூடங்களின் கண்டிப்பான விதி. உயர் வெப்பத்தில் பொன் அணுக்கள் சிலிக்கனுள் விரைந்து ஊடுருவும். அதன் மின் இயல்பைக் குலைக்கும். ஒருமுறை மாசடைந்த உலை, அதன்பின் வைக்கப்படும் தட்டுகளையும் மாசாக்கக்கூடும். உலகமே விரும்பும் பொன் அங்கே நஞ்சு. தட்டை எடுக்கும் இடுக்கி ஒன்றை மாற்றி எடுத்ததே இத்தனைக்கும் போதுமானது.

மூன்றாவது உப்பு பற்றியது. கடற்கரை மக்கள் நன்கு உணரத்தக்கது இது. 1960களிலே புதுவகைத் திரான்சிசுற்றர்கள் செய்யப்பட்டபோது அவை நிலையாக இயங்கவில்லை. இன்று ஓர் அளவும் நாளை வேறோர் அளவும் காட்டின. ஒட்சைட்டுப் படையினுள் அலையும் சோடியம் அயன்களே காரணம் என ஆய்வாளர் கண்டனர். ஃபெயார்ச்சைல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த சினோ, குறோவ், டீல், சா ஆகிய நால்வர் 1965இல் வெளியிட்ட கட்டுரை இவ்வயன்களின் நகர்வைத் தெளிவாக்கியது. சோடியம் கறியுப்பில் உள்ளது, வியர்வையில் உள்ளது, கடற்காற்றில் உள்ளது. கையுறையின்றித் தொட்ட ஒரு விரலின் சுவடு போதும். திருகோணமலையின் காற்றிலே கலந்திருக்கும் உப்பும், கச்சான் காலத்து வெக்கையும், வாடைக்காலத்து ஈரமும் அத்தகைய அறையொன்றுக்கு வெளியே காத்திருக்கும் பகைகள். அவற்றை வடிகட்டியால் தடுக்கலாம். உள்ளே வந்துவிட்ட மனிதனின் கவனக்குறைவைத் தடுக்கும் வடிகட்டி இல்லை.

இம்மூன்றிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பிழை செய்தவன் அதன் பயனை நுகர்வதில்லை. அவனை அறியாத வேறொருவனே நுகர்கின்றான். இருவருக்கும் இடையே இருப்பது ஒரு பதிவேடு மட்டுமே. பிழை செய்தவன் தன் பிழையை அதில் எழுதலாம், எழுதாதும் விடலாம்.

இங்கேதான் பிளேற்றோவின் 'குடியரசு' என்னும் நூலில் கிளோக்கன் கூறும் கைஜசின் கணையாழிக் கதை நினைவுக்கு வருகின்றது. அணிந்தவனை மறைத்துவிடும் மாயக் கணையாழி அது. அதனை அணிந்த ஒருவன் நீதியாக நடப்பானா? பிறர் காண்பர் என்ற அச்சமே மனிதரை நேர்வழியில் நிறுத்துகின்றது என்பது கிளோக்கன் முன்வைக்கும் வாதம். தூய அறையின் வெள்ளாடையும் அத்தகைய கணையாழியே. முகம் தெரியாது, பிழையும் தெரியாது. சாட்சியற்ற இடத்திலே அறம் நிற்குமா என்பதற்கு அங்கே ஒவ்வொரு நாளும் விடை எழுதப்படுகின்றது.

கண்காணிப்பை மிகுவித்தால் போதும் என்பது சிலர் கூறும் தீர்வு. கருவியின் கதவை அட்டை கொண்டு திறக்கச் செய்யலாம். யார் எப்போது வந்தார் என்பதை இயந்திரமே குறிக்கும். இது பயனுள்ளதுதான். ஆனால் யார் வந்தார் என்பதைக் குறிக்கும் இயந்திரம், எந்த இடுக்கியால் தட்டைத் தொட்டார் என்பதைக் குறிப்பதில்லை. நூறுபேர் பயன்படுத்திய உலையில் பொன் காணப்பட்டால் அந்நூறு பேரும் ஐயத்துக்கு உரியவரே.

தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்பது வேறு சிலரின் கருத்து. இதன் உட்பொருளைச் சிந்தித்தல் வேண்டும். மறைத்த பிழையைக் கண்டுபிடிக்க இயலாது என்றால், தண்டனை எவரைச் சென்றடையும்? தானே வந்து சொன்னவனை மட்டுமே சென்றடையும். மௌனமாயிருந்தவன் அடுத்த நாளும் கருவியை இயக்குவான். உண்மை சொன்னவன் வாசலில் நிறுத்தப்படுவான். இத்தகைய விதி பிழையைத் தண்டிப்பதில்லை, வாய்மையைத் தண்டிக்கின்றது. வாய்மை என்னும் அதிகாரத்திலே பொய்யனைச் சுடும் சாட்சியாக அவனது நெஞ்சையே நிறுத்தினார் வள்ளுவர். அந்நெஞ்சு பேச முற்படும்போது அதன் வாயை அடைக்கும் நிருவாகம், பின்னர் மாணவரின் நேர்மையின்மை பற்றி வருந்துவதற்கு உரிமை உடையதன்று. வேண்டுமென்றே விதியை மீறுபவனும் தவறிப் பிழைசெய்து உடனே அறிவிப்பவனும் ஒன்றல்லர். இருவரையும் ஒரே தராசில் இடுவது நீதியாகாது.

அவ்வாறாயின் சாட்சியும் அச்சமும் இல்லாதவிடத்து ஒருவன் ஏன் தன் பிழையை எழுத வேண்டும்? அது பிறர்மீது காட்டும் இரக்கம் என்று கூறுவோர் உளர். இரக்கம் உயர்ந்ததே, ஆனால் இரங்காமல் இருப்பதும் ஒருவனது விருப்பம் என்றாகிவிடும். இங்குள்ள கட்டுப்பாடு அதனிலும் உறுதியானது. தமிழிலே 'கடன்' என்ற சொல் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலையையும் குறிக்கும். செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றாய் நிற்கும் இடம் இதுவே. கருவியை இயக்க வந்தவன் தூய கலம் ஒன்றைக் கண்டான். அதனைத் தூயதாய் விட்டுச்சென்றவர் யார் என்பது அவனுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவன் தன் பிழையை மறைத்திருந்தால் இவனது ஆய்வு என்றோ பாழாகியிருக்கும். ஆகவே அவன் கருவியைத் தொடும் முன்னரே கடன்பட்டுவிட்டான். கொடுத்தவர் போய்விட்டனர், அவர்களிடம் திருப்பிச் செலுத்த வழியில்லை. முன்னே சென்றவரிடம் பட்ட கடனைப் பின்னே வருபவனுக்கே செலுத்த முடியும்.

இவ்வறம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. ஒப்புரவைப் பேசும்போது வள்ளுவர் ஊரார் நீருண்ணும் குளத்தையே உவமையாக்கினார். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலே, நீரை அள்ளி ஊற்றிக்கொள்வோர் அடுத்து நிற்பவரை மனத்திற் கொண்டே அள்ளுகின்றனர். வேறுபாடு ஒன்றே. கிணற்றைக் கலக்கியவனை வரிசையில் நிற்போர் கண்டு கண்டிப்பர். தூய அறையில் வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. கிணற்றடியிலே கற்ற பண்பைக் கிணறும் வரிசையும் இல்லாத இடத்துக்குக் கொண்டுசெல்வதே கல்வி எனத்தகும்.

தன் பிழையைத் தானே அறியாதவன் என்ன செய்வான் என்ற வினா இங்கு எழுதல் இயல்பு. புதிதாய்ப் பழகும் மாணவனுக்குத் தான் மாசுபடுத்தினானா இல்லையா என்பது பெரும்பாலும் தெரியாது. அவனது கடன் உறுதியை எழுதுவதன்று, ஐயத்தை எழுதுவது. வால்வைத் திறந்தபோது ஊசி ஒருகணம் துள்ளியது என்று அவன் எழுதிவைத்தால், அது அனுபவமுள்ள ஒருவருக்கு ஒரு திறவுகோல். 1660இல் காற்றுப் பம்பி பற்றிய தம் நூலை வெளியிட்ட றொபேட் பொயில், அடுத்த ஆண்டிலேயே பரிசோதனைகள் கைகூடாமை பற்றியும் இரு கட்டுரைகளை வெளியிட்டார். தோல்வியையும் அறிவாகக் கருதும் மரபு வெற்றிடப் பம்பியின் பிறப்போடேயே பிறந்தது.

அப்பம்பியைச் செய்தவர் பொயில் அல்லர். அவரிடம் உதவியாளராய் இருந்த றொபேட் ஹுக். ஹுக்கின் பெயர் பின்னர் புகழடைந்தது. பொயிலின் ஆய்வுகூடத்தில் உழைத்த வேறு பல உதவியாளரின் பெயர் அவ்வாறு நிலைக்கவில்லை. இன்றும் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. கலத்திலே எங்கோ காற்றுக் கசிகின்றது என்றால், ஈலியம் வாயுவை இணைப்புகளின்மீது மெல்ல வீசி, எந்த இடத்தில் உணர்கருவி துடிக்கின்றது எனப் பார்த்து, இறப்பர் வளையத்தின் குறுக்கே கிடந்த ஒற்றை மயிரைக் கண்டெடுப்பவர் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரே. பம்பியின் ஓசை மாறுவதைச் செவியாலேயே அறிபவரும் அவரே. அவரது அறிவு நூலில் இல்லை, கையில் உள்ளது. பட்டம் பெற்ற அறிவு மேலானது, கையின் அறிவு கீழானது என்னும் எண்ணம் சாதியும் வர்க்கமும் வேரூன்றிய சமூகத்திலே எளிதில் வளரும். அவ்வெண்ணத்துக்குத் தண்டமும் உண்டு. தாழ்வாகக் கருதப்படும் ஒருவரிடம் தன் பிழையைச் சொல்ல எந்த ஆய்வாளன் முன்வருவான்? அவரை மதியாத இடத்தில் அவரிடம் உண்மை வந்து சேராது. உண்மை வந்து சேராத இடத்தில் கருவி பிழைக்காது.

செல்வ நாடுகளில் ஒரு கருவி பழுதானால் வேறொன்று இருக்கும். இலங்கை போன்ற நாட்டில் அவ்வாறன்று. 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டதையும், அந்நியச் செலாவணியின்றி இறக்குமதி தடுமாறியதையும் எவரும் மறந்திரார். மின் நின்றால் பம்பி நிற்கும்; உலை குளிரும். உதிரிப் பாகம் ஒன்று கடல் கடந்து வரவேண்டும். அத்தகைய சூழலிலே ஒருவனின் மௌனம் ஓர் ஆய்வைக் கெடுப்பதோடு நில்லாது. ஒரு மாணவியின் பட்டக்காலத்தை நீட்டும். அவளை நம்பியிருக்கும் குடும்பத்தின் காத்திருப்பையும் நீட்டும். வறுமை நேர்மையைத் தளர்த்தும் என்பர். இங்கு வறுமையே நேர்மையை இன்றியமையாததாக்குகின்றது. இல்லாதவர் கூடிவாழும் வீட்டில் இருக்கும் ஒரே விளக்கை உடைத்தவன், உடைந்தது என்றாவது சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் இருட்டும் முன்னர் வேறு வழி தேடலாம்.

புல்மோட்டை மணல் ஒருநாள் இந்நாட்டிலேயே நுண்கருவியின் படையாக மாறலாம். அதற்கு மூலதனம் வேண்டும், கருவி வேண்டும், பயிற்சி வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. இவற்றையெல்லாம் பிற நாடுகளிலிருந்து பெறவும் கூடும். ஆனால் அறியாத ஒருவனுக்காகத் தன் பிழையைத் தன் கையால் எழுதிவைக்கும் பழக்கம் எந்தக் கப்பலிலும் ஏறி வருவதன்று. அதனை மாணவர் வளர்த்துக்கொள்ள வேண்டும். அதனைச் செய்தவரை அவமதியாது காக்கும் நெறியைப் பல்கலைக்கழகங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

1944இல் முறிந்த உலர்துறையின் பிழையைத் துறைமுகம் முழுவதும் கண்டது. தூய அறையின் பிழையைக் காண்பவன் ஒருவனே. அவன் ஆடையைக் கழற்றி வெளியேறும் முன்னர், பதிவேடு அவன் எதிரே திறந்து கிடக்கின்றது. நாளை காலை அதனைத் திறக்கப்போகும் கைக்கு உரியவனை அவன் அறியான். அறியாதவன் ஆயினும், அவன் பட்ட கடனை வாங்கிக்கொள்ள உரிமை உடையவன் அந்த ஒருவனே.